அன்றைக்கே எழுதிய காகிதம்: ஜதுநாத் சர்க்காரை வைத்து ஆவண ஆய்வு ஓர் அறிமுகம்

1677 மே மாதம். சிவாஜி பெரும்படையோடு தெற்கே இறங்கி வந்துகொண்டிருந்தார். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த நேரத்தில் சிவாஜியிடமிருந்தே ஒரு கடிதம் வந்தது, ஒரு பிராமணத் தூதர் கையில். மிரட்டல் கடிதம் என்றுதானே நினைப்போம்? அதில் அவர் கேட்டிருந்தது மருந்து. விஷமுறிவுப் பொருள்களும் உடம்புக்குத் தெம்பூட்டும் சில சரக்குகளும் வேண்டும், விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசி, காசு வாங்க வேண்டாம், அன்பளிப்பாகவே அனுப்பிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

முந்நூற்று ஐம்பது வருஷம் ஆகப்போகிற இந்தச் சங்கதி நமக்கு எப்படித் தெரிகிறது? கோட்டையில் கவுன்சில் கூடும்போதெல்லாம் நடந்ததைப் பதிவேட்டில் எழுதிவைப்பது வழக்கம். அன்றைக்கும் ஒரு குமாஸ்தா எழுதினார். அந்தப் பதிவேடு பிழைத்துக் கிடந்தது. அவ்வளவுதான்.

சரி, அந்தக் குமாஸ்தா எழுதியதை ஏன் நம்ப வேண்டும்? அவர் வரலாறு எழுதவில்லை என்பதால்தான். கம்பெனி கிடங்கிலிருந்து இலவசமாகச் சரக்கு வெளியே போயிருக்கிறது, லண்டனில் இருக்கும் முதலாளிகள் கணக்குக் கேட்பார்கள், அதற்குப் பதில் வேண்டும். அதற்காக எழுதினார். சிவாஜியைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அதே குமாஸ்தா, 'பகைத்துக்கொண்டால் பேராபத்து' என்று எழுதினால் அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்ததற்கு நியாயம் சொல்லும் அவசியம் அவருக்கு இருந்தது. ஒரே தாளில் ஒரு வரியை நம்பலாம், அடுத்த வரியைச் சந்தேகப்படலாம். ஆவண ஆய்வு என்பதன் பாதி இதிலேயே வந்துவிட்டது.

இப்படிச் சம்பவம் நடந்த காலத்திலேயே, அதில் சம்பந்தப்பட்டவர்களால் உண்டான எழுத்தை முதன்மைச் சான்று என்பார்கள். கடிதம், கணக்கு, தீர்ப்பு, நாட்குறிப்பு, கல்வெட்டு எல்லாம் இதில் அடங்கும். இவற்றைப் படித்துவிட்டுப் பின்னால் வந்த ஒருவர் எழுதும் நூல் இரண்டாம்நிலைச் சான்று. பள்ளிப் பாடநூல் அதற்கும் ஒரு படி தள்ளி நிற்கிறது. யார் எழுதினார், எப்போது எழுதினார், யார் படிப்பதற்காக எழுதினார் என்ற கேள்விகளை ஒவ்வொரு தாளிடமும் கேட்டு, தாள்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதுதான் ஆவண ஆய்வாளரின் வேலை. கேட்க எளிது. செய்துபார்த்தால்தான் தெரியும், ஆயுளையே கேட்கும் வேலை அது.

அப்படி ஆயுளைக் கொடுத்தவர்களில் ஒருவர் ஜதுநாத் சர்க்கார். யதுநாத் என்றும் சிலர் எழுதுகிறார்கள். 1870 டிசம்பர் 10 அன்று, இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கும் ராஜசாஹி வட்டாரத்தில், கராச்மாரியா என்ற கிராமத்தில் ஒரு ஜமீன்தார் வீட்டில் பிறந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 1892-ல் எம்.ஏ. தேறினார், அதுவும் முதல் மாணவராக. படித்த பாடம் வரலாறு என்று நினைத்துவிட வேண்டாம், ஆங்கில இலக்கியம். முதலில் ஆங்கிலம்தான் கற்பித்தார். பிறகு பாட்னா, காசி, கட்டாக் என்று கல்லூரி ஆசிரியராகவே காலம் ஓடியது. 1926-ல் ஓய்வு, உடனே இரண்டு வருஷம் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1929-ல் சர் பட்டம், 1958 மே 19 அன்று மறைவு. வெளியே தெரிகிற வாழ்க்கை இவ்வளவுதான். மீதியெல்லாம் மேசை விளக்கின் முன்னால் கழிந்தது.

அவர் எடுத்துக்கொண்ட ஆள் ஔரங்கசீப். இந்தத் தேர்விலேயே ஒரு பெரிய சிக்கல் இருந்தது. முகலாயப் பேரரசர்கள் தங்கள் ஆட்சி வரலாற்றை எழுத அரண்மனையிலேயே ஆள் வைத்துக்கொள்வது வழக்கம். ஔரங்கசீப்புக்கும் அப்படி ஒரு நூல் எழுதப்பட்டது. ஆனால் அது முதல் பத்து ஆண்டோடு நின்றுபோனது, இனி எழுத வேண்டாம் என்று அவரே நிறுத்திவிட்டார். அவர் ஆண்டதோ 1658 முதல் 1707 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு. மீதி நாற்பது ஆண்டுக்கு அரசாங்கமே எழுதிவைத்த கதை கிடையாது. அவர் இறந்த பிறகு சாகி முஸ்தைத் கான் என்பவர் அரசுத் தாள்களைப் பார்த்து ஒரு சுருக்கமான வரலாறு எழுதினார். அது ஒரு எலும்புக்கூடு. அதற்குச் சதை வேண்டுமானால் கடிதங்களையும் அன்றாடக் குறிப்புகளையும் தேடித்தான் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் சர்க்காருக்கு வாய்த்த அதிர்ஷ்டமே இந்த ஓட்டைதான் என்பேன். முழுசாக ஒரு அரண்மனை வரலாறு கையில் கிடைத்திருந்தால், அதை மொழிபெயர்த்து நாலு அடிக்குறிப்புப் போட்டு ஒரு நல்ல நூல் எழுதியிருப்பார். கிடைக்காததால் வேட்டைக்குக் கிளம்பினார்.

வேட்டையில் கிடைத்ததில் பெரியது அக்பராத். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். முகலாயருக்குக் கட்டுப்பட்ட ராஜபுத்திர அரசர்கள் தங்கள் சார்பில் பேரரசரின் தர்பாரில் ஒரு பிரதிநிதியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவருக்கு வக்கீல் என்று பெயர். (நாம் இன்றைக்குக் கோர்ட்டில் பார்க்கும் வக்கீலுக்கும் இதே சொல்தான் மூலம், ஒருவருக்காகப் பேசுகிறவர் என்பதுதானே பொருள்.) இன்றைக்குப் பேரரசர் முன் யார் வந்து வணங்கினார், யாருக்குப் பதவி உயர்ந்தது, எந்தக் கோட்டையிலிருந்து என்ன செய்தி வந்தது, அதைக் கேட்டுப் பேரரசர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் சின்னச் சின்னத் தாள்களில் பாரசீகத்தில் எழுதி ஊருக்கு அனுப்புவார்கள். அதுதான் அக்பராத், ஒருவகைத் தர்பார் செய்தித்தாள். வாங்கிப் படித்த அரசர்கள் தூக்கி எறியவில்லை. ஜெய்ப்பூர் அரண்மனையில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒரு பகுதி ஜேம்ஸ் டாட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கையில் சிக்கி லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. சர்க்கார் லண்டன் கட்டையும் பிடித்தார், ஜெய்ப்பூர் கட்டையும் பிடித்தார்.

அப்புறம் ஜெய்சிங்கின் கடிதங்கள். 1665-ல் புரந்தரில் சிவாஜியை மடக்கி, இருபத்து மூன்று கோட்டைகளை வாங்கிக்கொண்டு உடன்படிக்கை செய்த ராஜபுத்திர சேனாபதி அவர். அவருக்காகக் கடிதங்களை எழுதியவர் உதய்ராஜ் என்ற முன்ஷி. அந்த நகல்கள் ஒரு தொகுப்பாகத் தங்கிவிட்டன. ஒரு போர் எப்படித் திட்டமிடப்பட்டது, யாருக்கு எவ்வளவு ஆசை காட்டப்பட்டது என்பதைப் போர் நடத்தியவரே எழுதியதில் படிக்க முடிகிறது. இதைவிட என்ன வேண்டும்?

பாரசீகம் மட்டும் போதவில்லை. மராட்டியருக்காக மராத்தி வேண்டியிருந்தது. மேற்குக் கரைக்குப் போர்த்துக்கீசியம், புதுச்சேரிக்குப் பிரெஞ்சு. ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த சுவடிகளுக்குப் போட்டோ நகல் எடுத்து வரவழைத்தார், தன் சம்பளத்திலிருந்து. சுவடிகளின் பல பிரதிகளை வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். உ.வே.சா. ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்ததும், பாடபேதம் பார்த்ததும் நமக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே உழைப்பு. ஒரு வேறுபாடு, உ.வே.சா.வுக்குக் கவிஞர் என்ன சொல் போட்டார் என்று தெரிய வேண்டும். சர்க்காருக்கு அதோடு, எழுதியவர் உண்மையைத்தான் சொன்னாரா என்றும் தெரிய வேண்டும்.

தேடும்போது வேறு யாருக்கோ உதவுகிற சரக்கும் அகப்படும். பாரிஸ் தேசிய நூலகத்தில் பெயர் சரியாகத் தெரியாமல் கிடந்த ஒரு பாரசீகச் சுவடி, ஜஹாங்கீர் காலத்து வங்காளத்தில் போரிட்ட மிர்சா நாதன் என்ற படைத்தலைவரின் நினைவுக்குறிப்பு என்று அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர் சர்க்கார்தான். பதினேழாம் நூற்றாண்டு வங்க வரலாற்றுக்கு அது இல்லாமல் இன்று கை ஓடாது.

தாள்களை மோதவிட்டுப் பார்ப்பது என்று மேலே சொன்னேனே, அதற்கு நல்ல உதாரணம் ஆக்ரா. 1666-ல் சிவாஜி ஔரங்கசீப்பின் தர்பாருக்குப் போனதும், அவமானப்பட்டதும், காவலில் வைக்கப்பட்டதும், பலகாரக் கூடைக்குள் ஒளிந்து தப்பியதும் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை. மராட்டியக் கதைநூல்கள் இதைப் பலவிதமாகச் சொல்கின்றன. பாரசீக நூல்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. எல்லாம் பின்னால் எழுதியவை, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு. ஆனால் ஆக்ராவில் சிவாஜிக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஜெய்சிங்கின் மகன் ராம்சிங். அவருடைய ஆட்களில் பர்கால்தாஸ் என்பவர், ஜெய்சிங்கின் தலைநகரான ஆம்பேரில் இருந்த கல்யாண்தாஸ் என்ற அதிகாரிக்கு அப்போதைக்கப்போது ராஜஸ்தானியில் கடிதம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். மே மாதம் 12-ஆம் தேதி தர்பாரில் நடந்ததும், அதன் பிறகு நாளுக்கு நாள் மாறிய நிலவரமும், ஆகஸ்டில் ஆள் காணாமல் போனபோது எழுந்த களேபரமும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. எழுதும்போது பர்கால்தாசுக்கு முடிவு தெரியாது. அடுத்த வாரம் சிவாஜி உயிரோடு இருப்பாரா என்பதே தெரியாது. பின்னால் எழுதுகிறவருக்கு முடிவு தெரியும், அதனால் தொடக்கத்தையும் அதற்கேற்ப வளைத்துவிடுவார். முடிவு தெரியாமல் எழுதிய எழுத்துக்கு ஆய்வாளர்கள் கொடுக்கும் தனி மதிப்பு இதனால்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் பகர்கள். மராத்தி உரைநடை வரலாறுகளை பகர் என்பார்கள். சிவாஜியைப் பற்றிய பகர்களில் பழமையானது சபாசத் எழுதியது. எழுதிய இடம் நம்ம செஞ்சி! சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயப் படையால் முற்றுகையிடப்பட்டுச் செஞ்சிக் கோட்டையில் இருந்த 1690-களில், அவர் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது. சபாசத் சிவாஜியின் அரசவையில் இருந்தவர், ஆகவே அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் சிவாஜி இறந்தது 1680-ல். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, முற்றுகைக்குள்ளிருந்து, கையில் அரசுத் தாள்கள் இல்லாமல், மகனுக்காக அப்பாவின் பெருமையை எழுதுகிறார். ஆட்களையும் குணங்களையும் சரியாகச் சொல்வார், தேதியில் இடறுவார் என்று எதிர்பார்க்கலாம். அப்படித்தான் இருக்கிறது. இதற்கும் நூறு வருஷம் பிந்திய பகர்களைச் சர்க்கார் பல இடங்களில் தள்ளியே வைத்தார். புனேயில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

தேதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இந்த வேலையில் மண்டையை உடைப்பதே அதுதான். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள்தான், அதனால் வருஷத்துக்குப் பதினோரு நாள் நழுவிக்கொண்டே போகும். முகலாய எழுத்தர்கள் ஹிஜ்ரியோடு பேரரசரின் ஆட்சியாண்டையும் போடுவார்கள். ஔரங்கசீப்போ 1658 ஜூலையில் ஒருமுறை, 1659 ஜூனில் இன்னொரு முறை என்று இரண்டு தடவை முடிசூடியவர், எதிலிருந்து எண்ணுவது? மராட்டியர் சக ஆண்டும் திதியும் எழுதுவார்கள். வெள்ளைக்காரர்களாவது ஒழுங்காக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை, பிரான்ஸ் எப்போதோ கிரிகோரியனுக்கு மாறிவிட்டது. ஆகவே 1677-ல் ஒரே காலைப் பொழுதுக்குச் சென்னைக் கோட்டையில் ஒரு தேதி, புதுச்சேரியில் அதைவிடப் பத்து நாள் கூடுதலான தேதி. போதாக்குறைக்கு ஆங்கிலேயருக்கு அப்போது புத்தாண்டு பிறப்பது மார்ச் 25-ல். பதிவேட்டில் 1676 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1677. புதுச்சேரியை உருவாக்கிய பிரான்சுவா மார்த்தேனின் குறிப்புகளையும் சென்னைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து சிவாஜியின் தென்னகப் படையெடுப்பை ஒருவர் எழுதினால், இந்தக் கணக்கை ஒவ்வொரு வரிக்கும் போட்டாக வேண்டும்.

இத்தனை கறாராக இருந்தவரும் சறுக்கியிருக்கிறார். சிவாஜி பிறந்த தேதி. 1919-ல் வெளிவந்த தன் நூலில் சர்க்கார் 1627 ஏப்ரல் என்று எழுதினார். பிந்திய மராட்டிய மரபு சொல்லும் தேதி அது. ஆனால் ஜேதே என்ற தேஷ்முக் குடும்பம் (தேஷ்முக் என்றால் வட்டாரத் தலைவர்) பரம்பரையாக வைத்திருந்த ஆண்டுவரிசைக் குறிப்பில் சக ஆண்டு 1551, அதாவது 1630 பிப்ரவரி 19 என்று இருந்தது. திலகர் அதை 1916-லேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். பின்னால் கிடைத்த சான்றுகளும் அதன் பக்கமே சாய்ந்தன, இன்று மகாராஷ்டிர அரசும் 1630-ஐத்தான் கொண்டாடுகிறது. ஒரு குடும்பத்தின் பழைய கணக்கு நோட்டு ஒரு பெரிய மனிதரின் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அதில் தப்பில்லை, இந்தத் துறை அப்படித்தான் நடக்கிறது.

இதுவரை தாள்களைப் படிப்பதைப் பற்றிச் சொன்னேன். அதற்கு முன்னால், தாள்கள் இருக்கும் அறையின் கதவு திறக்க வேண்டுமே? ஆங்கிலேய அரசு 1891-ல் கல்கத்தாவில் ஒரு மைய ரிக்கார்டு அலுவலகத்தைத் தொடங்கியது. பின்னால் தில்லிக்குப் போய், இன்றைக்கு தேசிய ஆவணக் காப்பகம் என்ற பெயரில் இருப்பது அதுதான். சென்னை எழும்பூரில் 1909-ல் வந்தது மெட்ராஸ் ரிக்கார்டு ஆபீஸ், இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆனால் இவையெல்லாம் அரசு அதிகாரிகளின் வசதிக்காக உண்டானவை. வெளியாள் போய்ப் பார்ப்பது சுலபம் இல்லை. அனுமதி வாங்க வேண்டும், எடுத்த குறிப்பை அதிகாரியிடம் காட்ட வேண்டும். 1919-ல் இந்திய வரலாற்று ஆவண ஆணையம் என்று ஒன்றை அரசு அமைத்தது. அதில் தொடக்கத்திலிருந்தே சர்க்கார் இருந்தார். ஆண்டுதோறும் கூடி, எந்தச் சமஸ்தானத்தில் எந்தக் கட்டு கரையானுக்கு இரையாகிறது, எதை அச்சிட வேண்டும், ஆய்வாளருக்கு எந்த அளவு கதவைத் திறக்கலாம் என்று பேசினார்கள். தில்லிக் காப்பகம் ஆய்வாளர்களுக்குப் பொதுவாகத் திறந்துவிடப்பட்டது 1939-ல்தான். சர்க்காருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு.

புனேயில் இருந்த பேஷ்வா தஃப்தர், அதாவது மராட்டிய அரசை நடத்திய பேஷ்வாக்களின் அலுவலக ஆவணங்கள், தனிக்கதை. 1818-ல் பேஷ்வா ஆட்சி முடிந்ததும் அவர்களுடைய அலுவலகத் தாள்கள் ஆங்கிலேயர் வசமாயின. இனாம் நிலம் யாருக்கு உரியது என்று தீர்க்க அந்தத் தாள்கள் வேண்டும், அதனால்தான் பத்திரப்படுத்தினார்கள். மோடி என்ற சுழித்து எழுதும் எழுத்தில், துணி மூட்டைகளில், கோடிக்கணக்கான தாள்கள். மூட்டைக்கு அங்கே ரூமால் என்று பெயர். அதிலிருந்து தேர்ந்தெடுத்துப் பதிப்பிக்கும் பொறுப்பு சர்க்காரின் நெருங்கிய நண்பர் கோவிந்த சகாராம் சர்தேசாய்க்கு வந்தது. பரோடா அரசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், சர்க்காரைவிட ஐந்து வயது மூத்தவர். 1930 முதல் 1934-க்குள் 45 தொகுதிகள் வெளிவந்தன! இந்த இருவரும் 1904-லிருந்து அரை நூற்றாண்டாகக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். ஒருவருக்கு மராத்தி நுணுக்கம் தெரியும், இன்னொருவருக்குப் பாரசீகம். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவார். சேர்ந்தே கோட்டைகளையும் போர்க்களங்களையும் பார்க்கப் போவார்கள். தாளில் 'ஆற்றைக் கடந்தார்கள்' என்று இருந்தால் அந்த ஆற்றை எங்கே கடக்க முடியும் என்று நேரில் போய்ப் பார்த்துவிடுவது சர்க்காரின் வழக்கம்.

விளைந்தது என்ன? ஔரங்கசீப் வரலாறு ஐந்து தொகுதி, 1912-ல் தொடங்கி 1924-ல் முடிந்தது. முகலாயப் பேரரசின் வீழ்ச்சி பற்றி நான்கு தொகுதி, 1932-ல் தொடங்கிக் கடைசித் தொகுதி வந்தது 1950-ல். அப்போது எண்பதை எட்டிக்கொண்டிருந்தார்.

குறை இல்லாமலா? உண்டு, அதுவும் சின்னதல்ல. சர்க்காரின் கையில் இருந்தவை தர்பார்த் தாள்கள். தர்பார்த் தாளில் பேரரசர் பேசுவார், தளபதி பேசுவார், உழவர் பேச மாட்டார். அதனால் அவர் எழுதிய வரலாற்றில் எல்லாம் தலைவர்களின் குணத்தால் நடக்கின்றன. பேரரசு சரிந்ததற்குப் பெரும்பழி ஔரங்கசீப்பின் மதக் கொள்கைமேல் விழுகிறது. அடுத்த தலைமுறையில் அலிகாரைச் சேர்ந்த இர்பான் ஹபீப், அதர் அலி போன்றவர்கள் வேறு கேள்வியோடு வந்தார்கள். நிலவரி எவ்வளவு, அதை யார் வசூலித்தார், பிரபுக்கள் எந்தெந்த இனத்தவர், ஜாகிர் (சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் நிலவரி உரிமை) பற்றாக்குறையால் என்ன ஆனது என்று பார்த்தார்கள். அவர்களும் பார்த்தது பெரும்பாலும் பாரசீகத் தாள்கள்தான், அக்பராத் உட்பட. சர்க்கார் போர்ச் செய்தி தேடிய இடத்தில் அவர்கள் கணக்குத் தேடினார்கள். எனக்கு இரண்டாமவர்களின் விளக்கம்தான் கூடுதலாக ஒத்துவருகிறது. ஆனாலும், எந்தப் போர் எந்த நாளில் நடந்தது என்று பார்க்க வேண்டி வந்தால் கை தானாகச் சர்க்காரின் தொகுதியை நோக்கித்தான் போகிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரசீகமும் மோடியும் தெரிந்தால்தான் முடியும் என்று பயப்பட வேண்டாம். கோட்டைப் பதிவேடுகள் பல அச்சில் வந்திருக்கின்றன. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது, 1736-லிருந்து 1761 வரை. ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து, பிள்ளை என்ன சொல்கிறார், அதே மாதம் சென்னைக் கோட்டைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். தேதிக் கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள், பத்து நாள் வித்தியாசம் 1700-க்குப் பிறகு பதினொன்றாகிவிட்டது, 1752 வரை அது இடிக்கும்.

பர்கால்தாசின் அந்த ஆக்ராக் கடிதங்களைச் சர்க்கார் விட்டுவிடவில்லை. மால்வாவில் சீதாமௌ சமஸ்தானத்து இளவரசர் ரகுபீர் சிங், அவரிடம் ஆய்வு முறை கற்றவர். இருவரும் சேர்ந்து அவற்றைப் பதிப்பிக்கும் வேலையில் இறங்கினார்கள். நூல் வெளிவந்தது 1963-ல். அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. சர்க்கார் இறந்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது.